பிரிப்பதற்கும் ஒரு திட்டம்

கைப்பின்னலில் கடினமானவை என்று பெயர் பெற்ற வேலைகளுள் பெரும்பாலானவை கைக்குக் கடினமானவை அல்ல. ஊசியில் நிற்கும் வளையத்தின் ஊடே புதிய வளையத்தை முன்பக்கமாக இழுத்தால் நேர்க்கண்ணி, பின்பக்கமாகத் தள்ளினால் மறுகண்ணி. இவ்விரண்டோடு கண்ணியைக் கூட்டுதல், குறைத்தல் ஆகியவற்றையும் பழகிக்கொண்ட கை எந்தப் பின்னல் ஆடையையும் பின்னத்தக்க கைதான். கடினம் வேறோர் இடத்தில் இருக்கிறது. பல்லாயிரம் வளையங்கள் ஒரே நூலில் ஒன்றையொன்று தாங்கி நிற்பதால், கீழே நேர்ந்த பிழை பல வரிசைகள் கடந்த பின்னரே கண்ணில் படுகிறது. அதைத் திருத்த வேண்டுமானால் அதற்கு மேலே உள்ள அனைத்தையும் பிரிக்க வேண்டியிருக்கிறது. பிரிக்கும்போது எங்கே நிறுத்துவது என்பது தெரியாமற்போனால் வேலை முழுவதும் நூலுருண்டைக்கே திரும்பிவிடுகிறது. எனவே பெரிய பின்னல் ஒன்றைத் திட்டமிடுதல் என்பது பிழை வராமல் தடுக்கும் ஏற்பாடு என்பதைக் காட்டிலும், பிழை வந்தபின் எவ்வளவு பிரித்தால் போதும் என்பதை முன்னதாகவே வரையறுத்துக்கொள்ளும் ஏற்பாடு என்று கொள்வதே பொருந்தும். 1990-களில் இராமநாதபுரத்தில் குடியிருந்து, மண்டபத்துப் பள்ளியொன்றில் பணியாற்றி, ஓய்வு நேரத்தில் பின்னிவந்த ஆசிரியை ஒருவரின் நினைவுகள் இக்கருத்தைச் சுற்றியே அமைந்தவை.

அக்கடற்கரை கம்பளிக்கு உரிய நிலம் அன்று. ஆடு வளர்ப்பில் அம்மாவட்டம் பின்தங்கியதில்லை என்றாலும், அங்குப் பரவலாகக் காணப்படும் இராமநாதபுரம் வெள்ளை என்னும் செம்மறி இனம் இறைச்சிக்காக வளர்க்கப்படுவது. அதன் உடலில் இருப்பது நூற்பதற்கேற்ற கம்பளி அன்று, குட்டையான முடியே. தமிழ்நாட்டில் மென்கம்பளி தரும் செம்மறி நீலகிரி இனம் ஒன்றுதான்; அதுவும் ஐரோப்பிய, ஆஸ்திரேலிய ஆடுகளோடு உள்ளூர் ஆடுகளைக் கலந்து 19-ஆம் நூற்றாண்டில் உருவானது. மார்கழியில்கூடப் போர்வையோடு சமாளித்துவிடத்தக்க கடற்கரையில் ஸ்வெட்டருக்கு என்ன தேவை என்று அக்கம்பக்கத்தார் கேட்டதில் வியப்பில்லை. பிறந்த குழந்தைக்குக் குல்லாவும் காலுறையும், ஊட்டியிலோ பெங்களூரிலோ வேலைபார்க்கும் உறவினருக்கு ஒரு மேலாடை, மேசைக்கும் தொலைக்காட்சிப் பெட்டிக்கும் விரிப்பு என்ற அளவில் தேவை முடிந்துவிடும். தேவை குறைவாக இருந்ததே ஒருவகையில் நன்மையாயிற்று. எதைப் பின்னுவது என்பதை வயிற்றுப்பாடோ குளிரோ முடிவு செய்யாதபோது, எது பின்னிப் பார்க்கத்தக்கது என்ற கேள்வியே வேலையைத் தேர்ந்தெடுத்தது.

பழக்கம் வந்த வழிகள் பல. பள்ளித் தையல் வகுப்பு ஒன்று. 1962 சீனப் போரின்போது எல்லைப் படைவீரர்களுக்காக நாடெங்கும் பெண்கள் கம்பளி ஆடை பின்னி அனுப்பியதன் நினைவு மற்றொன்று. அக்காலத்தில் ஊசி பிடிக்கக் கற்றவர்கள் பின்னாளில் தம் மகள்களுக்குக் கற்பித்தனர். மண்டபத்துக்கு இவ்விரண்டுக்கும் மேலாக ஒரு வழி இருந்தது. மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையகம் 1971-இல் கொச்சிக்குப் பெயரும்வரை மண்டபம் முகாமில் இயங்கிற்று. தலைமையகம் போன பின்னரும் அதன் கிளை அங்கேயே நின்றது. அங்கும் இரயில்வேயிலும் பணிபுரிய வந்த பிற மாநிலக் குடும்பங்களில், மாலையில் வாசலில் அமர்ந்து பேச்சை விடாமலே பின்னும் பெண்கள் இருந்தனர். அதே முகாம் பகுதியில், முன்பு இலங்கைத் தோட்டங்களுக்குச் செல்லும் தொழிலாளரை நோய்த்தடுப்புக்காகத் தங்கவைத்த கட்டடங்களில், 1983-க்குப் பிறகு இலங்கைத் தமிழ் ஏதிலியர் குடியமர்த்தப்பட்டபோது, குரோஷா எனப்படும் ஒற்றைக் கொக்கி ஊசிப் பின்னலில் தேர்ந்த கைகளும் அவர்களோடு வந்து சேர்ந்தன. ஆசிரியை இரு வகையையும் கற்றார். எனினும் இரட்டை ஊசியையே விரும்பினார். குரோஷாவில் ஒரு நேரத்தில் ஒரு வளையமே திறந்திருக்கும், ஆகவே பிரித்தல் எளிது. ஊசிப் பின்னலில் ஒரு வரிசையின் எல்லா வளையங்களும் ஒருசேரத் திறந்து நிற்கும். ஆபத்து மிகுந்ததைத் தேர்ந்தெடுப்பதில் பொழுதுபோக்காளருக்கு எப்போதும் ஓர் ஈர்ப்பு உண்டு போலும்.

பொருள் சேகரிப்பில்தான் திட்டத்தின் முதல் நெருக்கடி தோன்றும். கடைகளில் உல்லன் என்ற பெயரில் விற்கப்பட்டது பெரும்பாலும் கம்பளி அன்று, அக்ரிலிக் என்னும் செயற்கை இழை. விலை மலிவு, நிறம் பளிச்சென்று இருக்கும், ஆனால் அக்கரை வெயிலில் உடலோடு ஒட்டிக்கொள்ளும். எனவே கடினமான வேலைகளுக்கு அவர் பருத்தியையே நாடினார். காஸ்டிக் சோடாக் கரைசலில் பதப்படுத்தி மெருகேற்றிய பருத்தி நூல், மதுரா கோட்ஸின் ஆங்கர் போன்ற பெயர்களில், மதுரையில் நிற வரிசையோடு கிடைத்தது. மீனாட்சியம்மன் கோயிலின் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே உள்ள புதுமண்டபம், அங்கிருந்த கடைகள் பிற்காலத்தில் குன்னத்தூர்ச் சத்திரத்துக்கு மாற்றப்படும்வரை, திருமலை நாயக்கர் காலத்துச் சிற்பத் தூண்களுக்கிடையே தையல்காரர்களும் நூல், ஊசி, பொத்தான் வணிகர்களும் நெருங்கியிருந்த இடமாகும். இராமநாதபுரத்திலிருந்து மீட்டர்கேஜ் பயணிகள் இரயிலில் பரமக்குடி, மானாமதுரை வழியாக அங்குச் சென்று திரும்ப ஒரு நாள் முழுவதும் வேண்டும். தொலைவைவிடப் பெரிய சிக்கல் சாயத்தொட்டியில் இருந்தது. ஒரே எண்ணுள்ள நிறமேயானாலும், வெவ்வேறு முறை சாயமேற்றப்பட்ட நூல்களுக்கிடையே நுண்ணிய வேறுபாடு இருக்கும். உருண்டையில் தெரியாத அவ்வேறுபாடு, பின்னிய பரப்பில் கோடு போட்டதுபோலத் துலங்கும். உறையில் அச்சிடப்பட்டிருக்கும் லாட் எண் அதைக் காட்டுவதற்காகவே இருக்கிறது. பாதியில் நூல் தீர்ந்தால் அதே லாட் மறுபடி கிடைப்பது அரிது. ஆகையால் முழு வேலைக்குமான நூலைத் தொடங்குமுன்பே கணித்து ஒரே முறையில் வாங்கிவிட வேண்டும் என்பது அக்கரையில் அறிவுரையாக இல்லாமல் கட்டாயமாகவே இருந்தது.

கணிப்புக்கு அடிப்படை மாதிரித் துண்டு. பின்னப்போகும் அதே நூலில், அதே ஊசியில், உள்ளங்கைக்குச் சற்றுப் பெரிய சதுரம் ஒன்றைப் பின்னி, 10 சென்டிமீட்டருக்குள் எத்தனை கண்ணிகள் அடங்குகின்றன என்று எண்ணிக்கொள்வதே அம்முறை. 10 சென்டிமீட்டருக்கு 22 கண்ணி என்று எண்ணி 220 கண்ணிகள் போட்டால் மேலாடையின் சுற்றளவு 100 சென்டிமீட்டர். கை சற்றுத் தளர்ந்து அதே அளவுக்குள் 20 கண்ணிகளே விழுந்திருந்தால், அதே 220 கண்ணிகள் 110 சென்டிமீட்டராகிவிடும். இரண்டு கண்ணி வேறுபாடு ஆடையை வேறொருவருக்கு உரியதாக்கிவிடுகிறது. மாதிரித் துண்டைத் துவைத்து உலர்த்திய பின்னரே அளக்க வேண்டும் என்பது எல்லாப் பின்னல் புத்தகங்களிலும் காணப்படும் விதி. இராமநாதபுரத்தில் அதற்கு ஒரு துணைவிதி தேவைப்பட்டது. காவிரிக் கூட்டுக் குடிநீர் வருவதற்கு முந்தைய அக்காலத்தில் வீட்டுக் கிணற்று நீர் உப்புக் கரித்தது. அதில் அலசிய பருத்தி விறைத்து, உள்ளதைவிட இறுக்கமான அளவைக் காட்டிற்று. குடத்துக்குக் காசு கொடுத்து வாங்கிய நல்ல தண்ணீரில் ஒரு சிறு துண்டை அலசுவது வீட்டாருக்கு ஊதாரித்தனமாகத் தோன்றியிருக்கும்; ஆனால் முழுப் பின்னலும் பின்னர் அத்தண்ணீரிலேயே அலசப்பட இருந்ததால் வேறு வழியில்லை. ஊசிகளையும் உப்புக்காற்று விட்டுவைக்கவில்லை. மேற்பூச்சு உரிந்த எஃகு ஊசியில் துரு ஏறி வெள்ளை நூலைக் கறைப்படுத்தும். தேங்காயெண்ணெய் தடவித் துணியில் சுற்றிவைப்பதும், தொடங்குமுன் எண்ணெயை முற்றாகத் துடைப்பதும் வேலையின் பகுதியாயின.

இவ்வேற்பாடுகள் அனைத்தும் ஒன்றுசேர்ந்து சோதிக்கப்பட்டது வட்டச் சால்வை ஒன்றில். இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த எலிசபெத் சிம்மர்மன், 1974-இல் வெளிவந்த தம் நூலொன்றில் அதன் அமைப்பை விளக்கியிருந்தார். வெளிநாட்டு உறவினர் அனுப்பிய ஒளிநகலாக அப்பக்கங்கள் ஆசிரியையின் கைக்கு வந்தன. அமைப்பின் அடிப்படை பள்ளிக் கணக்கே. வட்டத்தின் ஆரம் இரட்டித்தால் சுற்றளவும் இரட்டிக்கும். எனவே ஒவ்வொரு சுற்றிலும் கண்ணி கூட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை, ஆரம் இரட்டிக்கும் இடங்களில் மட்டும் கண்ணிகளை ஒரே சுற்றில் இரட்டித்தால் போதும். 9 கண்ணிகளில் தொடங்கி ஒரு சுற்று. பிறகு 18 ஆக்கி 3 சுற்றுகள். 36 ஆக்கி 6. 72 ஆக்கி 12. 144 ஆக்கி 24. 288 ஆக்கி 48. 576 ஆக்கி விரும்பிய அளவு. கூட்டும் சுற்றுகளுக்கு இடையே உள்ள பகுதிகளில் எந்தக் கோலத்தையும் இடலாம். நூலை ஊசியில் ஒருமுறை சுற்றிக்கொண்டு போனால் துளை விழும், பக்கத்தில் இரு கண்ணிகளை ஒன்றாக்கினால் எண்ணிக்கை சமனாகும். இத்துளைகளின் வரிசையே சல்லடை போன்ற லேஸ் கோலம். கோலத்தின் ஓர் அலகுக்குரிய கண்ணிகளின் எண்ணிக்கை அப்பகுதியின் மொத்தக் கண்ணிகளை, கடைசிப் பகுதியானால் 576-ஐ, மீதமின்றி வகுக்க வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை. 8, 9, 12, 16, 18 எல்லாம் வகுக்கும். 10 வகுக்காது, 14-ம் வகுக்காது. ஒரு கோலம் எவ்வளவு அழகாக இருந்தாலும் 14 கண்ணிகள் கொண்டதானால் அதை விட்டுவிட வேண்டியதுதான். கண்ணிகளைச் சுருக்கி நீட்டிச் சமாளிக்கலாம் என்ற எண்ணம் கடைசிச் சுற்றில் பழிவாங்கும்.

நூல் கணிப்பில் அச்சால்வை கற்பித்தது இன்னும் பெரிது. 576 கண்ணிப் பகுதியை 48 சுற்றுகளோடு நிறுத்துவதாகக் கொண்டால், மொத்தச் சுற்றுகள் 148. அவற்றுள் 99 முடிந்தபோது, ஆரத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஆகிவிட்டதால், பார்ப்பவர் வேலை முடியும் தறுவாயில் இருப்பதாகவே எண்ணுவர். கண்ணிக் கணக்கு வேறு கதை சொல்லும். அதுவரை பின்னப்பட்டவை 18,981. முழுச் சால்வைக்கும் தேவைப்படுபவை 47,205. அதாவது, முடிந்திருப்பது ஐந்தில் இரண்டு பங்கே. 50 கிராம் உருண்டை ஒன்றில் ஏறத்தாழ 5,000 கண்ணிகள் வருமெனில், நான்கு உருண்டைகளில் மூன்றில் இரண்டு பங்கு முடிந்துவிட்டது, இன்னும் இரண்டு போதும் என்று கண்ணால் மதிப்பிட்டவர், உண்மையில் தேவைப்படும் ஆறுக்கு நான்கு குறைவாக வைத்திருப்பார். ஓரக்கரை அதற்கும் மேல். சால்வையின் விளிம்பில் குறுக்காகப் பின்னப்படும் ஒடுங்கிய பட்டை, தன் இரண்டு வரிசைகளுக்கு ஒரு முறை சால்வையின் ஒரு கண்ணியை விழுங்கி நகர்கிறது. 576 கண்ணிகளை முடிக்க 1,152 வரிசைகள் வேண்டும். பட்டையின் அகலம் 10 கண்ணிகளே ஆனாலும் 11,520 கண்ணிகள் சேர்கின்றன. இரண்டு உருண்டைகளுக்கு மேல் அதற்கே போகும். ஆக மொத்தம் 12 உருண்டைகள், பிரித்தலில் நைந்துபோகும் நூலுக்கு ஈடாக ஒன்று கூடுதலாகப் 13 என்று வாங்குவதே முறை. பின்னல் மனத்துக்கு ஓய்வு தரும் என்று எழுதுவோர் இக்கணக்கைப் போட்டுப் பார்த்தவர்களாக இருக்க வாய்ப்பில்லை.

இதே கணக்கு அக்கரையில் காலங்காலமாக வேறு கைகளில் இருந்துவந்ததை ஆசிரியை கண்டுகொண்டது, வைகை வந்து முடியும் இராமநாதபுரம் பெரிய கண்மாயிலும் பாம்பனை ஒட்டிய ஆழமற்ற நீரிலும் வீசப்படும் வீச்சுவலையில். தனியொருவர் தோளில் தாங்கிச் சுழற்றி எறிய, வட்டமாக விரிந்து நீரில் விழும் இவ்வலை, உச்சியில் சில கண்களோடு தொடங்கிச் சுற்றுச் சுற்றாகக் கீழ்நோக்கி வளர்வது. விளிம்பில் ஈயக் குண்டுகள் கோக்கப்படும். படகு வலைகளுக்கான வலைத்துணி அக்காலத்தில் ஆலையிலிருந்து நைலானில் ஆயத்தமாகவே வந்துகொண்டிருந்தது. வலைஞரின் கைவேலை, அதற்குக் கயிறும் மிதவையும் கட்டுவதிலும் கிழிந்ததைச் செப்பனிடுவதிலும் எஞ்சிநின்றது. வீச்சுவலையை மட்டும் முதலிலிருந்து கையால் முடிந்த பெரியவர்கள் சிலர் இருந்தனர். அவர்களுள் ஒருவரின் வேலையைப் பள்ளி விட்டபின் ஆசிரியை பலமுறை அருகிருந்து பார்த்தார். இடக்கைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே வழவழப்பான ஒரு மூங்கில் சில்லு. அதைச் சுற்றி வரும் நூலே ஒவ்வொரு கண்ணுக்கும் ஒரே அளவைத் தந்தது. வலக்கையில், நாக்குப்போல் உள்ளே மடிந்த முனையில் நூல் சுற்றிய தட்டை ஊசி. ஊசி மேற்கண்ணுக்குள் நுழைந்து, பின்புறமாக வளைந்து, தன் நூலையே தாண்டி வெளிவரும்போது இடப் பெருவிரல் முடிச்சின் மீது ஒரு கணம் அழுந்தும். அந்த அழுத்தம் தளர்ந்தால் முடிச்சு வழுக்கிவிடும். சில சுற்றுகளுக்கு ஒரு முறை, சம இடைவெளிகளில், ஒரு கூடுதல் கண் சேர்க்கப்பட்டது. கூட்டிய இடங்கள் எல்லாம் ஒரே நேர்க்கோட்டில் கீழிறங்கியதால், எந்தக் கோட்டில் கூட்டல் விட்டுப்போயிற்று என்பதைக் கை தடவியே கண்டுகொள்ளும். எழுதிவைத்த கணக்கு ஏதும் அவரிடம் இல்லை; வலையின் உடலிலேயே கணக்கு இருந்தது. சால்வையின் சுற்றுகளுக்கிடையே நிற வளையங்களைக் கோத்துப் பன்னிரண்டு கண்ணிக்கு ஓர் அடையாளம் வைக்கும் பழக்கம் அதைக் கண்ட பிறகே ஆசிரியையிடம் உறுதிப்பட்டது.

வலையும் பின்னலும் ஒரு முக்கியமான இடத்தில் வேறுபடுகின்றன. வலையின் ஒவ்வொரு கண்ணும் முடிச்சால் தனித்துப் பூட்டப்பட்டிருப்பதால், ஓரிடத்தில் அறுந்தால் சேதம் அங்கேயே நிற்கும். பின்னலில் ஒரு கண்ணி ஊசியிலிருந்து நழுவினால், ஏணிப்படிபோல் அடிவரை அவிழ்ந்து செல்லும். ஆனால் செப்பனிடும் முறையில் வலைஞர் பின்பற்றும் ஒழுங்கு பின்னுவோருக்கு நேராகவே பயன்பட்டது. கிழியல் எப்படி இருக்கிறதோ அப்படியே அதை அடைப்பதில்லை. முதலில் கத்தியை எடுத்துக் கிழியலைப் பெரிதாக்குகின்றனர். முடிச்சிலிருந்து பிரியும் நூற்கால்களுள் சிதைந்தவற்றை வெட்டி நீக்கி, நல்ல முடிச்சுகள் மட்டும் விளிம்பில் நிற்குமாறு செய்து, மூன்று கால்கள் மிஞ்சிய ஒரு முடிச்சில் தொடங்கி மூன்று கால்கள் மிஞ்சிய மற்றொரு முடிச்சில் முடிக்கின்றனர். இடையே உள்ளவை எல்லாம் இரண்டிரண்டு கால்களோடு புதிய நூலை ஏற்கும். அரைகுறையாகச் சிதைந்த இடத்தில் புதுநூலைக் கட்டினால் அடுத்த இழுவையில் அதுவே முதலில் போகும். விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை நடைமுறைப்படுத்தப்பட்ட பின்னர், ஏப்ரல் 15-இல் தொடங்கும் அக்காலத்தில் (2001 முதல் 45 நாள்கள், 2017 முதல் 61 நாள்கள்) தங்கச்சிமடம், பாம்பன், இராமேசுவரம் கரைகளில் வலைகளை விரித்துவைத்துச் செப்பனிடும் வேலை மிகுதியாக நடப்பதால், இதைக் காணவிரும்புவோர் கோடை விடுமுறையிலேயே காணலாம்.

நல்ல விளிம்புவரை பின்வாங்கிய பின்னரே புதிதாகத் தொடங்குவது என்னும் இவ்வொழுங்குக்குப் பின்னலில் நேர் இணையாக உள்ளது காப்பு நூல். குறிப்பிட்ட சுற்று முடிந்ததும், எல்லாக் கண்ணிகளும் சரியென்று எண்ணிப் பார்த்து, வேறு நிற மெல்லிய நூலொன்றைத் தையலூசியால் அக்கண்ணிகள் அனைத்தின் ஊடேயும் செலுத்தி அப்படியே விட்டுவிட வேண்டும். மேலே பிழை நேர்ந்து பிரிக்க நேரிட்டால், அவிழ்தல் அந்நூலில் வந்து நின்றுவிடும். நூல் எதுவாக இருக்கலாம் என்பதிலும் அக்கரை உதவிற்று: வழுவழுப்பான மெல்லிய நைலான் தூண்டில் இழை பருத்திக் கண்ணிகளில் ஒட்டாமல் உருவ வந்தது. எங்கே செலுத்துவது என்பதுதான் திட்டம். கூட்டும் சுற்றுக்கு முந்தைய சுற்று ஓர் இடம், கோலத்தின் ஓரலகு முடியும் சுற்று மற்றோர் இடம். ஒவ்வொரு சுற்றிலும் செலுத்தினால் பின்னுவதைவிட இது பெரும் வேலையாகிவிடும். செலுத்தாமலே போனால் ஒரு தவறிய துளைக்காக வாரக்கணக்கான வேலை போகும். 288 கண்ணிப் பகுதியில் எத்தனை சுற்றுகளை இழக்கத் தயாராக இருக்கிறோம் என்ற கேள்விக்கு முன்னதாகவே விடை எழுதிவைத்தவருக்கு, இழக்கும் நேரத்தில் மனம் அவ்வளவாகக் கசப்பதில்லை.

பிற கடற்கரைகளிலும் இவ்வகை முன்யோசனை இருந்திருக்கிறது. பிரிட்டனின் மீனவ ஊர்களில் கான்சி எனப்படும் இறுக்கமான கம்பளிச் சட்டையைப் பின்னிய பெண்கள், கைப்பகுதியை மணிக்கட்டிலிருந்து மேலே கொண்டுசெல்லாமல், தோளில் கண்ணிகளை எடுத்து மணிக்கட்டை நோக்கிக் கீழே பின்னினர். கயிறும் உப்புநீரும் பட்டு முதலில் நைவது கைவிளிம்பு. கீழ்நோக்கிப் பின்னிய கையை முழங்கைவரை பிரித்து, புதுநூலில் மீண்டும் பின்னிவிட முடியும். சட்டை பிறக்கும்போதே அது பிரிக்கப்படும் நாளும் அதில் கணக்கிடப்பட்டிருந்தது.

பலர் கூடிச் செய்யும் பெருவேலைகளில் இக்கணக்கு மேலும் வெளிப்படையானது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு சுபஸ்ரீ நடராஜன் தொடங்கிய மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ் குழுவினர் 2016 ஜனவரி 31-இல் 11,148.5 சதுர மீட்டர் பரப்புள்ள குரோஷா போர்வையைக் காட்சிப்படுத்திக் கின்னஸ் சாதனை பெற்றனர். பல ஊர்களில் இருந்த பெண்கள் தத்தம் வீட்டில் தனித்தனித் துண்டுகளாகப் பின்னி, பின்னர் அவற்றை இணைத்ததால் உருவானது அது. அவ்வாறு பிரித்துக்கொடுப்பதில் வேகத்தைவிடப் பெரிய ஆதாயம் பிழையை அடக்குவதில் உள்ளது: ஒருவர் துண்டின் அளவு தவறினால் அத்துண்டை மட்டும் மாற்றினால் போதும். அதற்கு ஈடாக, நூலின் தடிப்பும் ஊசியின் எண்ணும் துண்டின் அளவும் எல்லாருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும் என்னும் கண்டிப்பு முதல் நாளே தேவைப்படுகிறது. வட்டச் சால்வையை விரும்பும் ஆசிரியைக்குத் துண்டு இணைத்தல் சற்று இளக்காரமாகவே தோன்றிவந்தது. மண்டபத்துத் தோழியர் சேர்ந்து குழந்தைப் போர்வை ஒன்றைச் சதுரங்களாகப் பின்னியபோது, ஒவ்வொருவர் கையின் இறுக்கமும் வேறுவேறாக இருப்பதைக் கண்டபின் அவ்வெண்ணம் மாறிற்று. சதுரங்களைச் சமப்படுத்த விளிம்பில் ஒரு சுற்று கூட்டியும் குறைத்தும் பின்னவேண்டியிருந்தது, தனியொருவரின் பெருவேலையில் எப்போதும் எதிர்ப்படாத ஒரு கணக்கு.

ஒரு பெருவேலை மட்டும் கையில் இருப்பது அதற்கே கேடு என்பதும் அனுபவத்தில் தெளிந்தது. இரயிலிலும் பேருந்திலும் எண்ண வேண்டிய கோலத்தைப் பின்ன முடியாது. மண்டபம் நிறுத்தத்தில் ஏறும் கூட்டமே எண்ணிக்கையைக் குலைத்துவிடும். ஆகவே பயணத்துக்கு நேர்க்கண்ணி மட்டும் கொண்ட காலுறை, மின்வெட்டு இரவுகளுக்கு வெளிர்நிறத் தடித்த நூலில் ஏதேனும் ஒன்று, சால்வைக்கு ஞாயிறு காலை வெளிச்சம் என்று வேலைகள் பகுக்கப்பட்டன. பருவமும் பட்டியலில் சேர்ந்தது. ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்றும் மழையும் பிடித்துக்கொண்டால் அலசிய பருத்தி நாள்கணக்கில் காயாமல் நெடி ஏறும். கச்சான் காற்று புழுதியோடு வீசும் ஆனி, ஆடியில் வெளியே விரித்த எதுவும் செம்மண் நிறம் கொள்ளும். அலசி நீட்டி உலர்த்தும் இறுதிக்கட்டம் தை, மாசியில் அமையுமாறு தொடக்கத்தைப் பின்னோக்கிக் கணக்கிட வேண்டியிருந்தது.

ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கிராப் நோட்டு. கோலம் கட்டங்களில் புள்ளியும் கோடுமாக வரையப்பட்டது. ஒரு கட்டம் ஒரு கண்ணி. வலப்பக்கத்தில் அன்று எந்தச் சுற்றில் நின்றது, எங்கே காப்பு நூல் சென்றது, உருண்டையின் எடை என்ன என்பன. எடையைப் பார்க்க அரண்மனைத் தெருப் பகுதி நகைக்கடையொன்றில் தெரிந்தவர் உதவினார். ஒரு சுற்றுக்கு முன்னும் பின்னும் உருண்டையை நிறுத்தால் அச்சுற்றுக்குரிய நூல் தெரியும். எஞ்சிய எடையை அதனால் வகுத்தால் இன்னும் எத்தனை சுற்று போகலாம் என்பது தெரியும். தங்கத் தராசில் வெள்ளை நூல் ஏறுவதைக் கடைப்பையன்கள் வேடிக்கை பார்த்தனர். அத்தராசுக்கணக்கே 576 கண்ணிப் பகுதியை 48 சுற்றுகளுக்கு முன்பாக, 40-இலேயே நிறுத்தி ஓரக்கரைக்கு நூலை மிச்சப்படுத்துவது என்ற முடிவுக்குக் காரணமாயிற்று. முடிவு சரியானதே; எஞ்சிய சுற்றுகளைப் பின்னியிருந்தால் ஓரக்கரை முக்கால்வாசியில் நின்றுபோயிருக்கும்.

ஓரக்கரை முடிந்த சால்வை ஊசியிலிருந்து இறங்கியபோது கசங்கிய துணிமூட்டையாகவே இருந்தது. லேஸ் பின்னல் நீட்டி உலர்த்தப்படும்வரை தன் கோலத்தைக் காட்டுவதில்லை. கம்பளியானால் ஈரத்தில் நீட்டியதே நிலைக்கும். பருத்திக்குக் கஞ்சி வேண்டும். வடித்த கஞ்சியை மெல்லிய துணியில் வடிகட்டி நீர்க்கக் கரைத்து, சால்வையை அதில் நனைத்து, மொட்டைமாடியில் விரித்த கோரைப்பாய்மீது நடுவிலிருந்து வெளிப்புறமாக இழுத்து, ஓரத்தின் ஒவ்வொரு முனையிலும் குண்டூசி குத்தப்பட்டது. அப்போதுதான் 144 கண்ணிப் பகுதியில் ஓரிடத்தில் ஒரு துளை விடுபட்டிருந்தது தெரிந்தது. காப்பு நூல்கள் உருவப்பட்டுவிட்டன, ஓரமும் பூட்டப்பட்டுவிட்டது. அதே நிற நூலால் ஊசியிட்டுப் பக்கத்துக் கண்ணிகளை விலக்கிக் கட்டியதில் துளைபோன்ற ஒன்று உருவாயிற்று. தெரிந்தவர் தவிர வேறெவரும் அதைக் கண்டதில்லை.

சால்வை குன்னூரில் வாழ்ந்த உறவினருக்குச் சென்றது. பருத்தி அங்குள்ள குளிருக்குப் போதாது என்பதை யாரும் முன்பே சொல்லவில்லை; அது அவ்வீட்டின் வட்ட மேசைக்கு விரிப்பாயிற்று, அதற்குச் சால்வையைவிட நன்றாகவே பொருந்திற்று. மண்டபத்தில் அதைப் பார்த்திருந்த தோழியர் தமக்கும் ஒன்று பின்னித் தருமாறு கேட்டபோது, ஆசிரியை கிராப் நோட்டையும் 13 உருண்டை என்ற கணக்கையும் அவர்களிடம் கொடுத்தார். பெரும்பாலோர் நோட்டைத் திருப்பிக் கொடுத்தனர். ஒருவர் மட்டும் நூல் வாங்கிவந்து தொடங்கினார். 12 கண்ணிக் கோலத்தை மாற்றி 16 கண்ணிக் கோலமாக்கி, கூட்டும் சுற்றுகளுக்கு முன் மட்டும் காப்பு நூலைச் செலுத்தினால் போதாது என்று கருதி, 288-இல் எட்டுச் சுற்றுக்கு ஒன்றாகச் செலுத்திக்கொண்டார்.